மெடல் கையில இருக்கு, ஆளு எங்க?

போன மாசம் ஒரு வாசகருக்குப் பழைய நாணயம் பத்தி பதில் எழுதும்போது கடைசில சும்மா இருக்காம "மெடல் இருந்தாலும் போட்டோ அனுப்புங்க, யாருக்குக் குடுத்ததுன்னு தேடிப் பாக்கலாம்"னு ஒரு வரி போட்டுட்டேன். அவ்ளோதான், மெயில் பெட்டி நிரம்பிப் போச்சு. அதுல முக்கால்வாசி ஐரோப்பா மெடல்தான், பாரிஸ், ஜெர்மனின்னு போய் செட்டில் ஆன நம்மாளுங்க சந்தைல வாங்குனது, இங்க பழைய சாமான் கடைல கிடைச்சது, ஆன்லைன்ல பாத்துட்டு வாங்கலாமான்னு கேக்குறது. அதனால இந்த மாசம் முழுக்க அதேதான், வேற கேள்வி அனுப்புனவங்க மன்னிச்சிருங்க.

கேள்விக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. பிரிட்டிஷ்காரன் ஆளு பேரை மெடலோட விளிம்புலயே அடிச்சு வச்சான். பிரெஞ்சுக்காரன் மெடல்ல ஒண்ணும் எழுதல, எல்லாத்தையும் ஃபைல்ல எழுதுனான். பிரஷ்யாக்காரனும் (ஜெர்மனிக்குள்ள இருந்த பெரிய ராஜ்யம்) ஃபைல்லதான் எழுதுனான், ஆனா அந்த ஃபைல் குண்டு விழுந்து எரிஞ்சு போச்சு. உங்க மெடல் எந்த ஊர்க்காரன் குடுத்ததுங்கறதை வச்சே உங்க வேலை ஒரு சாயங்காலமா, ஒரு வருஷமா, இல்ல நடக்கவே நடக்காதான்னு பாதி தெரிஞ்சிரும்.

"செவாலியே சிவாஜின்னு சொல்றோமே, அது நெப்போலியன் ஆரம்பிச்ச விருதுதானே? அந்த லிஸ்ட் நெட்ல இருக்குன்னு கேள்விப்பட்டுத் தேடுனேன், சிவாஜி பேரு வரவே இல்ல. எங்க வீட்டுக்காரர் 'அப்போ அது டுபாக்கூர் விருது'ங்கறார். எனக்கு ரெண்டு நாளா தூக்கம் இல்ல." (வாசகி, திருச்சி)

வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்கம்மா, விருது அசல், நீங்க தேடுன இடம்தான் தப்பு. செவாலியேங்கறது விருதோட பேரு இல்ல, அது ஒரு படி. பிரான்ஸ்ல நிறைய ஆர்டர், அதாவது விருது வரிசை, இருக்கு, ஒவ்வொண்ணுலயும் கீழ்ப்படிக்குப் பேரு செவாலியே. சிவாஜிக்கு 1995ல கிடைச்சது கலை இலக்கியத்துக்குன்னு 1957ல ஆரம்பிச்ச ஆர்டர். கமலுக்கு 2016ல கிடைச்சதும் அதேதான். நெப்போலியன் 1802ல ஆரம்பிச்சது லெஜியன் ஆஃப் ஹானர், அது வேற. அதுல செவாலியே, ஒஃபிசியே, கொமாந்தர், அதுக்கு மேல ரெண்டுன்னு மொத்தம் அஞ்சு படி. நம்ம நாட்டுல சத்யஜித் ராய்க்கு அதுல கொமாந்தர் குடுத்தாங்க, அதைக் குடுக்க பிரான்ஸ் ஜனாதிபதி மித்தரானே 1989ல கல்கத்தாவுக்கு வந்தார்.

நீங்க தேடுனது லியோனோர்ங்கற பட்டியல். அதுல லெஜியன் ஆஃப் ஹானர் வாங்குனவங்க மட்டும்தான் இருப்பாங்க, அதுலயும் 1977க்கு முன்னாடி செத்தவங்க மட்டும்தான். ரெண்டு கணக்குலயும் சிவாஜி வர மாட்டார்.

லியோனோர் பேச்சு வந்ததால அதைக் கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா இந்த வேலைல இறங்குறவங்களுக்கு அது மாதிரி ஒரு புதையல் வேற எங்கயும் கிடையாது. 3 லட்சத்துக்கு மேல ஃபைல் இருக்கு, முக்கால்வாசி ஸ்கேன் பண்ணி ஓசில வச்சிருக்காங்க. ஒரு ஃபைலைத் திறந்தா முதல்ல அந்தாளோட பொறந்த சர்டிபிகேட் நகல், அப்புறம் எந்த ரெஜிமெண்ட்ல எந்த வருஷம் சேர்ந்தான், எங்கெங்க சண்டை போட்டான், எங்க அடிபட்டான்னு ஒரு பட்டியல், அப்புறம் சத்தியப் பிரமாணம், அப்புறம் மெடலை யாரு கையால எந்தத் தேதில வாங்குனான்னு ஒரு பேப்பர். நெப்போலியன் காலத்து ஆளா இருந்தா காசு விவகாரமும் இருக்கும், அப்போ கீழ்ப்படிக்காரனுக்கு வருஷம் 250 பிராங்க் குடுத்தாங்க, நெப்போலியன் போனதும் வந்த ராஜா அதைப் பாதியா வெட்டிட்டார், அதனால வயசான சோல்ஜருங்க "எனக்கு வர வேண்டிய பாக்கி இன்னும் வரல"ன்னு எழுதுன லெட்டரெல்லாம் சில ஃபைல்ல கிடக்கு. நம்ம ஊர் பென்ஷன் ஆபீஸ் வாசல்ல நிக்கிற தாத்தாக்களை நினைச்சுக்கிட்டேன், 200 வருஷம் ஆனாலும் மனு எழுதுற நடை மாறல.

தேடும்போது பேருல ஜாக்கிரதை. ஈஃபில் டவர் கட்டுன குஸ்தாவ் ஈஃபில் 1832ல திஜோன்ல பொறந்தப்போ ரெஜிஸ்தர்ல எழுதுன குடும்பப் பேரு போனிக்ஹவுசன், "ஈஃபில்னு அழைக்கப்படுற"ன்னு கூடச் சேர்த்து எழுதியிருந்தாங்க. சட்டப்படி வெறும் ஈஃபில் ஆனது 1880லதான். அதனால யாரைத் தேடுனாலும் கூப்பிடுற பேரு ஒண்ணு, பொறந்த பேரு ஒண்ணுன்னு ரெண்டையும் போட்டுப் பாருங்க. பெரிய ஆளாச்சே கண்டிப்பா இருப்பார்னும் நம்பாதீங்க. மேரி கியூரியோட புருஷன் பியேர் கியூரி, எனக்கு அலங்காரம் வேண்டாம், லேப்தான் வேணும்னு சொல்லி மறுத்துட்டார். இன்னொரு பக்கம் 1887ல ஜனாதிபதி கிரேவியோட மருமகன் வில்சன் இந்த விருதையே காசுக்கு வித்து மாட்டிக்கிட்டார், அதுல மாமனாருக்குப் பதவியே போச்சு. மாப்பிள்ளையால மாமனார் கெட்ட கதை பாரிஸ்லயும் உண்டு.

"நான் பாரிசில இருக்கிறன். சாந்த்-உவான் பழஞ்சாமான் சந்தையில ஒரு வெண்கல மெடல் வாங்கினனான். ஒரு பக்கம் நெப்போலியன்ர தலை, மற்றப் பக்கம் 1821 மே 5 எண்டு தேதி போட்டிருக்கு. பச்சையில சிவப்புக் கோடு போட்ட ரிப்பன். 1821 இல இதை வாங்கின ஆள் ஆரெண்டு கண்டுபிடிக்கேலுமா?" (வாசகர், பிரான்ஸ்)

அண்ணே, அந்தத் தேதி மெடல் குடுத்த தேதி இல்ல, நெப்போலியன் செயின்ட் ஹெலனா தீவுல செத்த தேதி. மெடல் பேரே செயின்ட் ஹெலனா மெடல்தான். 1857 ஆகஸ்ட் 12ல மூணாம் நெப்போலியன் போட்ட ஆர்டர், 1792லேர்ந்து 1815 வரைக்கும் சண்டை போட்டு அந்த வருஷம் வரைக்கும் உசுரோட இருந்த கிழவனுங்க எல்லாருக்கும் குடுத்தது. கிட்டத்தட்ட 4 லட்சம் பேரு வாங்குனாங்க. வாட்டர்லூல, அதான் 1815ல நெப்போலியன் தோத்த கடைசிச் சண்டைல, 20 வயசுன்னா கூட மெடல் வாங்கும்போது 62 ஆகியிருக்கும். பாரிஸ் ஜனங்க வாய் சும்மா இருக்குமா, இதுக்கு "பேர் லாஷேஸ் நுழைவுச் சீட்டு"ன்னு பேரு வச்சாங்க. பேர் லாஷேஸ் எதுன்னு உங்களுக்குத் தெரியும், அங்க இருக்கற பெரிய கல்லறைத் தோட்டம். மெட்ரோல தாண்டிப் போயிருப்பீங்க.

இப்போ ஆளு விஷயம். மெடல்ல பேரு கிடையாது. பாரிஸ்ல லெஜியன் ஆஃப் ஹானரோட தலைமை ஆபீஸ் ஒரு மாளிகைல இருந்துச்சு, 1871 மே மாசம் கம்யூன் கலவரத்துல அது எரிஞ்சப்போ இந்த மெடல் வாங்குனவங்க லிஸ்டும் சேர்ந்து போச்சு, கூடவே பழைய லெஜியன் ஃபைல் நிறையவும் போச்சு. லியோனோர்ல நெப்போலியன் காலத்து ஆளுங்க சில பேருக்கு ஃபைல்ல ரெண்டே ரெண்டு பேப்பர் இருக்கறதுக்கு அதான் காரணம், அப்புறமா குடும்பத்துக்காரங்ககிட்ட கேட்டு வாங்கி ஒட்டுப் போட்டது. ஆனா நல்லவேளை, அந்தக் கிழவனுங்க அப்ளிகேஷன் குடுத்தது அவங்கவங்க ஊர் முனிசிபாலிட்டில. அதனால மாவட்ட ஆவணக் காப்பகங்கள்ல ஊர் வாரியா லிஸ்ட் பொழச்சுக் கிடக்கு, ஆர்வலருங்க அதையெல்லாம் சேர்த்து 2 லட்சத்துக்கு மேல பேரைத் தேடுற மாதிரி நெட்ல ஏத்திட்டாங்க.

ஆனா உங்களுக்கு வேண்டியது லிஸ்ட் இல்ல, இந்த மெடல் அந்த லிஸ்ட்ல எந்தாளோடதுங்கறது. அதுக்கு ஒரே வழி வித்தவர்தான். இந்த மெடல் வெள்ளை அட்டைப் பெட்டில வரும், மூடில கழுகுப் படம் இருக்கும், கூடவே பேரு போட்ட ஒரு சர்டிபிகேட்டும் குடுத்தாங்க. சந்தைக்காரங்க சில சமயம் மெடலைத் தனியா, பேப்பரைத் தனியா விப்பாங்க, ரெண்டு தடவை லாபம். அடுத்த ஞாயிறு அதே கடைக்குப் போய் பெட்டி, பேப்பர் ஏதாவது கிடந்துச்சா, எந்த ஊர் வீட்டுச் சாமான்ல வந்துச்சுன்னு கேளுங்க. ஊர் பேரு கிடைச்சாலே 4 லட்சம் பத்து பதினஞ்சா சுருங்கிரும். அவர் "தெரியாது"ன்னு சொன்னா அதோட விட்டுருங்க, லிஸ்ட்ல புடிச்ச பேரை எடுத்து மெடலுக்கு வைக்காதீங்க.

"நான் வசிப்பது டோர்ட்முண்டில். இரும்புச் சிலுவை ஒன்று கிடைத்தது, 1914 என்று போட்டிருக்கிறது. வளையத்தில் கே, ஓ என்று இரண்டு எழுத்து. இது அந்த வீரரின் இனிஷியலா?" (வாசகர், ஜெர்மனி)

இல்லைங்க. இந்தக் கேள்வி மட்டும் நாலு பேரு கேட்டிருக்கீங்க. வளையத்துலயோ பின் மேலயோ இருக்கற சின்ன எழுத்து செஞ்ச இடத்தோட முத்திரை, கே ஓன்னா பெர்லின் அரசு நாணயச்சாலை. 800னு நம்பர் இருந்தா அதுவும் வீரர் நம்பர் இல்ல, வெள்ளியோட தரம், நம்ம நகைல 916 மாதிரி.

இரும்புச் சிலுவை பிரஷ்யா ராஜா 1813ல நெப்போலியனை எதிர்த்து சண்டை போட்டப்போ ஆரம்பிச்சது. அப்புறம் 1870, 1914, 1939ன்னு பெரிய சண்டை வரும்போதெல்லாம் திரும்ப எடுத்தாங்க, அதனால கீழ்க்கையில இருக்கற வருஷம் எந்த சண்டைன்னு சொல்லும், ஆளைச் சொல்லாது. முதல் உலகப்போர்ல ரெண்டாம் வகுப்பு மட்டும் 50 லட்சம் வாக்குல குடுத்தாங்க. பேரு பொறிக்கல. பிரஷ்யா ராணுவத்தோட ஆவணம் முழுக்க போட்ஸ்டாம்ல இருந்துச்சு, 1945 ஏப்ரல் 14 ராத்திரி பிரிட்டிஷ் விமானம் போட்ட குண்டுல அது சாம்பல். சண்டை முடிய இன்னும் நாலு வாரம் கூட இல்ல. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

ஆனா ஜெர்மனின்னா பிரஷ்யா மட்டும் இல்ல. பவேரியா தன்னோட ராணுவ ரெஜிஸ்தரைத் தனியா மியூனிக்ல வச்சிருந்துச்சு, வூர்ட்டம்பெர்க் ஸ்டுட்கார்ட்ல வச்சிருந்துச்சு, அதெல்லாம் பொழச்சிருச்சு. அதனாலதான் பவேரியா ரெஜிமெண்ட்ல இருந்த ஹிட்லருக்கு ரெண்டாம் வகுப்பு 1914 டிசம்பர்லயும் முதல் வகுப்பு 1918 ஆகஸ்ட்லயும் கிடைச்சதுன்னு இன்னிக்கும் சொல்ல முடியுது, அந்த முதல் வகுப்புக்கு சிபாரிசு பண்ண லெப்டினன்ட் ஹ்யூகோ குட்மன் ஒரு யூதர்னும் தெரியுது. அந்தாளு பின்னாடி ஜெர்மனியை விட்டே தப்பிச்சு ஓட வேண்டியதாச்சு.

உங்க சிலுவையோட ஒரு சின்ன நோட்டு வந்திருந்தா சொல்லுங்க, மிலிட்டேர்பாஸ்னு பேரு, சிப்பாய் வீட்டுக்குப் போகும்போது கையில குடுத்தது. அதுல பதக்கத்துக்குன்னே ஒரு இடம் இருக்கும். நோட்டு இல்ல, ஆனா வித்த குடும்பத்தோட பேரும் ஊரும் தெரியும்னா போர்க்கால இழப்புப் பட்டியல் இருக்கு, செத்தவன், அடிபட்டவன், காணாமப் போனவன் எல்லாரும் அதுல ஊர் பேரோட வருவாங்க, நெட்லயே தேடலாம். அதுல மெடல் விவரம் வராது, ஆனா பல பேருக்கு எந்த ரெஜிமெண்ட்னு புடிச்சுரலாம். ரெண்டும் இல்லன்னா அது ஒரு நல்ல இரும்புச் சிலுவை, அவ்ளோதான். நடுவுல இரும்பு, சுத்தி வெள்ளி, அதனால காந்தத்தை மேல வச்சா ஒட்டணும், அதையாவது செஞ்சு பாருங்க.

"ஆன்லைனில் வாட்டர்லூ மெடல் ஒன்று பார்த்தேன். பெயரும் ரெஜிமெண்டும் விளிம்பில் இருக்கிறது, அந்தப் பெயர் அசல் பட்டியலிலும் இருப்பதாக விற்பவர் ஆதாரம் காட்டுகிறார். நம்பி வாங்கலாமா?" (வாசகர், கோயம்புத்தூர்)

சார், இந்தக் குழில நானே விழுந்திருக்கேன். இருபது வருஷம் முன்னாடி ஒரு வியாபாரிகிட்ட, பேரு வேண்டாம், இதே மெடலை என் ரெண்டு மாச சம்பளத்தைக் குடுத்து வாங்குனேன். ரெஜிமெண்ட் ஸ்காட்ஸ் கிரேஸ், அதான் வெள்ளைக் குதிரைல பாய்ஞ்சு போனதா படமெல்லாம் வரைஞ்சிருக்காங்களே அந்தக் குதிரைப்படை. பட்டியல்ல பாத்தேன், பேரு அச்சு அசலா இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி வீட்ல எல்லாரையும் எழுப்பிக் காட்டுனேன். ஒரு மாசம் கழிச்சு ஒரு பெரியவர் அதைக் கையில வாங்கி, பேரைப் படிக்கவே இல்ல, மேஜை டிராயர்லேர்ந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து குறுக்க வச்சுப் பாத்துட்டு "தம்பி, இது இளைச்சிருக்கு"ன்னார்.

விஷயம் இதான். 1815 ஜூன்ல நடந்த சண்டைக்கு மறு வருஷத்துலேர்ந்து குடுத்த மெடல் இது, மொத்தம் 39,000 வாக்குல. தளபதிக்கும் சாதா சிப்பாய்க்கும் ஒரே வெள்ளி மெடல், விளிம்புல அவனவன் பேரு, பிரிட்டிஷ் அரசாங்கம் அப்படிப் பண்ணது அதான் முதல் தடவை. செத்தவனோட குடும்பத்துக்கும் குடுத்தாங்க. பேரு செதுக்கல, ஒவ்வொரு எழுத்தா பெரிய கேப்பிடல் அச்சால அடிச்சது, மிச்ச இடத்தை நிரப்ப ரெண்டு ஓரத்துலயும் குட்டிக் குட்டி நட்சத்திரம். எவனோ ஒரு சாதாரண காலாட்படை சிப்பாயோட மெடலை எடுத்து விளிம்பைச் சுத்தி அரத்தால ராவி பேரை அழிச்சிட்டு, பட்டியலைப் பாத்தே நல்ல விலை போற ரெஜிமெண்ட்ல ஒரு பேரைப் பொறுக்கி, மேல செதுக்கிட்டான். ராவுனதுல விட்டம் அரை மில்லிமீட்டர் குறைஞ்சிருச்சு. லென்ஸ்ல பாத்தா எழுத்தோட பள்ளம் கூர்மையா சிலேட்டுக் குச்சியால கீறுன மாதிரி இருந்துச்சு, அச்சால அடிச்சதுன்னா பள்ளத்தோட அடி தட்டையா இருக்கணும். எழுத்துக்கு நடுவுல ஒரு பழைய நட்சத்திரத்தோட ஒரு கால் மட்டும் அழியாம மிச்சம் இருந்துச்சு. ஒரு மாசமா தினம் எடுத்துப் பாத்த எனக்கு அது கண்ல படவே இல்ல.

அதனால பட்டியல்ல பேரு இருக்குங்கறது ஆதாரமே இல்ல, போலி பண்றவனும் அதே பட்டியலைத்தான் பாக்குறான். விக்கிறவர்கிட்ட விட்டத்தை கேளுங்க, விளிம்பை முழுசா சுத்திச் சுத்தி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. மழுப்புனா கும்பிடு போட்டுருங்க.

அசல்னு தெரிஞ்சா அதுக்கப்புறம்தான் ருசியே. லண்டன் பக்கம் கியூல இருக்கற தேசிய ஆவணக் காப்பகத்துல பென்ஷன் வாங்குன சிப்பாய்ங்களோட டிஸ்சார்ஜ் பேப்பர் இருக்கு. அப்போ போட்டோ கிடையாதுல்ல, அதனால ஆளை எழுத்துலயே வரைஞ்சிருப்பாங்க, உயரம் இவ்ளோ, முடி என்ன நிறம், கண்ணு என்ன நிறம், எங்க பொறந்தான், சேர்றதுக்கு முன்னாடி என்ன தொழில். கூலிக்காரன், நெசவாளி, செருப்பு தைக்கிறவன்னு வரும். வாட்டர்லூல இருந்தவனுக்கு சர்வீஸ்ல ரெண்டு வருஷம் சும்மா கூட்டிக் குடுத்தாங்க, அந்தக் கணக்கும் அதுல இருக்கும். சண்டைக்கு முன்னாடி தறி ஓட்டிக்கிட்டு இருந்தவன்னு அந்தப் பேப்பர்ல படிக்கும்போது விளிம்புல இருக்கற பேரு ஒரு ஆளா எந்திரிச்சு நிக்கும்.

"முதல் உலகப்போர் பிரிட்டிஷ் மெடலுக்கு இப்படித் தேட முடியுமா?" (வாசகர், சேலம்)

தாராளமா. இருக்கறதுலயே இதான் சுலபம். 1914-15 ஸ்டார்னா பின்பக்கம், மத்த ரெண்டுன்னா (வெள்ளி வார் மெடல், வெண்கல விக்டரி மெடல்) விளிம்புல, நம்பர், ரேங்க், பேரு, யூனிட் எல்லாம் இருக்கும். மூணும் சேர்ந்தா அங்க செல்லமா பிப், ஸ்குவீக், வில்ஃப்ரெட்னு சொல்லுவாங்க, அப்போ பேப்பர்ல வந்த காமிக்ஸ் பாத்திரங்க பேரு. 1940 செப்டம்பர்ல லண்டன்ல குண்டு விழுந்து சிப்பாய்ங்களோட சர்வீஸ் ரெக்கார்டு பாதிக்கு மேல எரிஞ்சிருச்சு, ஆனா மெடல் கார்டு வேற இடத்துல இருந்ததால பொழச்சது, 50 லட்சம் பேரு வாக்குல இருக்கு. நம்பரை வச்சுத் தேடுங்க, பேரை வச்சுத் தேடுனா ஜான் ஸ்மித் மாதிரி பேருக்கு ஆயிரக்கணக்குல வந்து நிக்கும். மூணுல வெள்ளி மெடல் மட்டும் காணோம்னா ஆச்சரியப்படாதீங்க, 1980ல வெள்ளி விலை எகிறுனப்போ நிறையப் பேரு உருக்கிட்டாங்க.

"எங்க கொள்ளுத்தாத்தா பாண்டிச்சேரி சொல்தா, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவர். அவர் பெட்டில ரெண்டு வாள் குறுக்க வச்ச வெண்கலச் சிலுவை, பின்னாடி 1914-1918, ரிப்பன்ல வெண்கல நட்சத்திரம் ஒண்ணு. எதுக்குக் குடுத்தாங்கன்னு வீட்ல யாருக்கும் தெரியல. லியோனோர்ல தேடுனோம், இல்ல." (வாசகி, புதுச்சேரி)

லியோனோர்ல இருக்காதும்மா, இது க்ருவா த கேர், அதாவது போர்ச் சிலுவை, 1915ல ஆரம்பிச்சது. ரிப்பனைப் பாருங்க, பச்சைல சிவப்புக் கோடு, மேல பாரிஸ் அண்ணன் சொன்ன கிழவனுங்க மெடலோட ரிப்பனைப் பாத்து வச்சதுதான். அதுல சின்ன நட்சத்திரம்தான் முக்கியம். வெண்கல நட்சத்திரம்னா ரெஜிமெண்டோ பிரிகேடோ அவர் பேரைப் போட்டு பாராட்டி ஆர்டர் எழுதியிருக்கு. வெள்ளி நட்சத்திரம்னா டிவிஷன், தங்க முலாம்னா அதுக்கு மேல இருக்கற கோர், பனை ஓலை இருந்தா ஆர்மி அளவுல. அந்த ஆர்டர்ல ரெண்டு மூணு வரில என்ன பண்ணார்னு எழுதியிருப்பாங்க, வீட்ல தெரியாத அந்த விஷயம் அங்கதான் இருக்கு.

இதுக்குன்னு ஒரே பட்டியல் கிடையாது. சிப்பாயோட சர்வீஸ் பதிவேட்டுல, அவங்க பாஷைல ரெஜிஸ்த்ர் மத்ரிக்யுல், அந்த வரிகளைக் காப்பி பண்ணி எழுதுறது வழக்கம். பிரான்ஸ்ல பொறந்தவனுக்கு அது அந்தந்த மாவட்டத்துல இருக்கும், காலனிக்காரங்களுக்குத் தேட வேண்டிய இடம் தெற்கு பிரான்ஸ்ல எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ்ல இருக்கற கடல்கடந்த நாடுகளோட ஆவணக் காப்பகம். பாண்டிச்சேரி பிறப்பு இறப்புப் பதிவேடும் அவங்க நெட்லயே போட்டிருக்காங்க, அதை முதல்ல பாருங்க, பொறந்த தேதி சரியா இருந்தாதான் மேல நகர முடியும்.

பேருதான் உங்களுக்கு மலை. நாம இங்கிலீஷ்ல எழுதுற மாதிரி அவங்க எழுத மாட்டாங்க. "உ" வந்தா ஓ-யு, சண்முகம் சி-ஹெச்ல ஆரம்பிக்கும், "ன்"ல முடியற பேருக்கு பின்னாடி சும்மா ஒரு ஈ ஒட்டும். முருகையனைத் தேடணும்னா எம்-ஓ-யுன்னு ஆரம்பிங்க. இன்னொண்ணு, உங்க குடும்பம் ரெனோன்சான் குடும்பமான்னு பெரியவங்ககிட்ட கேளுங்க. 1881 செப்டம்பர்ல வந்த சட்டப்படி சொந்த சாதி மத வழக்கத்தை விட்டுக்குடுத்து பிரெஞ்சு சட்டத்துக்குள்ள போனவங்க புதுசா குடும்பப் பேரு வச்சுக்கிட்டாங்க. அதை முன்னின்னு நடத்துன வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளையே லாபோர்த்னு ஆனார். கொள்ளுத்தாத்தாவோட அப்பா பேரு ஒண்ணாவும், தாத்தா பட்டாளத்துல எழுதுன பேரு சம்பந்தமே இல்லாம இன்னொண்ணாவும் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. மெடலைத் தேச்சுப் பளபளப்பாக்காதீங்க, அப்படியே விடுங்க.

"ரஷ்யச் சிலுவை, பின்னாடி நம்பர் இருக்கு. உபயோகமா?" (வாசகர், நாகர்கோவில்)

ரொம்பவே. செயின்ட் ஜார்ஜ் சிலுவைன்னா அந்த நம்பர் ஒரு சிப்பாய்க்கு மட்டும் குடுத்த நம்பர், பட்டியல் பொழச்சிருந்தா பேரு, ரெஜிமெண்ட், என்ன பண்ணான் வரைக்கும் வரும். சோவியத் காலத்து ஆர்டர்லயும் நம்பர் உண்டு. ரெண்டாம் உலகப்போர்ல வாங்குனவங்களோட சிபாரிசு பேப்பரை, எத்தனை டாங்க் உடைச்சான்னு தளபதி கையெழுத்துப் போட்டது உட்பட, ரஷ்யா பாதுகாப்பு அமைச்சகமே ஸ்கேன் பண்ணி எல்லாரும் பாக்குற மாதிரி வச்சிருக்கு. ரஷ்ய எழுத்துல தட்டணும், அது மட்டும்தான் கஷ்டம். நம்பரை அழிச்சிருந்தா மட்டும் கிட்டப் போகாதீங்க.

"எட்டு மெடல் வரிசையாகத் தைத்த ஒரு ஜெர்மன் பட்டை, பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கினேன். பெயர் எதிலும் இல்லை. நடுவில் ஒரு யானை உருவம் உள்ள மெடல்! ஜெர்மன் பட்டையில் யானைக்கு என்ன வேலை? யாரோ கோத்துவிட்ட கதம்பமா?" (வாசகர், காரைக்குடி)

சார், இந்த மாசம் வந்ததுலயே எனக்குப் புடிச்ச கேள்வி இதான், உங்க போட்டோவை வச்சுக்கிட்டு ரெண்டு நாள் மத்த வேலையே ஓடல.

யானை சயாம் நாட்டு வெள்ளை யானை ஆர்டர், இன்னிக்கு தாய்லாந்து. ராஜா சுலலாங்கோர்ன் 1897லயும் 1907லயும் ஐரோப்பா சுத்துனார், போற இடத்துல கூட ஓடியாடி வேலை பாத்த ஆபீசருங்களுக்கு மெடல் குடுக்கறது அப்போ ராஜாங்க மரியாதை, கல்யாணத்துல தாம்பூலப் பை குடுக்கற மாதிரின்னு வச்சுக்கோங்க. அவரோட பசங்களும் ஜெர்மனில பட்டாளப் படிப்பு படிச்சிருக்காங்க. அதனால யானை இருக்கறதாலயே கதம்பம்னு சொல்லிர முடியாது. சொல்லப்போனா அந்த யானைதான் நம்மளைக் கரை சேர்க்கப் போகுது.

இப்போ பட்டையை அப்படியே படிப்போம். முதல்ல செங்கழுகு ஆர்டர் நாலாம் வகுப்பு, இது வயசான மேஜர் ரேங்குல சகஜம். அடுத்து ஆபீசருங்களுக்கு 25 வருஷ சர்வீசுக்குக் குடுக்கற சிலுவை. அடுத்து மஞ்சள் ரிப்பன்ல இருக்கற பித்தளை நிற மெடல், அது பழைய கைசர், அதாவது ஜெர்மன் பேரரசர், முதலாம் வில்ஹெல்மோட நூறாவது பிறந்தநாளுக்கு 1897 மார்ச்ல சர்வீஸ்ல இருந்தவங்க எல்லாருக்கும் குடுத்தது. ஆக ஆளு 1897ல யூனிஃபார்ம்ல இருக்கான். 1870 பிரெஞ்சு சண்டை மெடல் பட்டைல இல்ல, அப்போ சேர்ந்தது அதுக்கப்புறம். 1914 இரும்புச் சிலுவையும் இல்ல, அது இருந்தா முன்வரிசைல நிக்கணும், அப்போ ஒண்ணு சண்டைக்கு முன்னாடியே ரிட்டயர் ஆகிட்டான் இல்ல செத்துட்டான், இல்ல பட்டையே அதுக்கு முன்னாடி தைச்சது. 25 வருஷம் முடிஞ்சிருக்கணும், 1871க்கு அப்புறம் சேர்ந்திருக்கணும்னா கணக்கு 1897க்கும் 1914க்கும் நடுவுல அழகா வந்து உக்காருது. ஒண்ணுக்கொண்ணு முரண்படல. கதம்பமா இருந்தா இப்படி உக்காராது.

அடுத்து ராங்லிஸ்ட். பிரஷ்யா ராணுவம் வருஷா வருஷம் தன்னோட எல்லா ஆபீசர் பேரையும் ரெஜிமெண்ட் வாரியா அச்சடிச்சு புக்கா போட்டுச்சு. போட்ஸ்டாம் எரிஞ்சாலும் இது அச்சுப் புத்தகம்ல, உலகம் பூரா லைப்ரரில இருக்கு, ஸ்கேன் பண்ணதும் கிடைக்குது. ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் அந்தாளு வாங்குன ஆர்டரெல்லாம், வெளிநாட்டுது உட்பட, சுருக்கெழுத்துல வரிசையா இருக்கும். செங்கழுகு நாலாம் வகுப்பை வச்சுத் தேடுனா பக்கத்துக்குப் பத்து பேரு வருவான், தலை சுத்திரும். யானையைத் தேடுங்க. அரிசில நெல்லு பொறுக்குற மாதிரி அது தனியா கண்ல படும், ஒரு முழு ரெஜிமெண்டுக்கு ஒருத்தனுக்கு இருந்தாலே பெரிசு. யானை இருக்கற பேரை எல்லாம் ஒரு தாள்ல எழுதிக்கிட்டு, அதுல செங்கழுகு இருக்கறவன், 25 வருஷச் சிலுவை இருக்கறவன், உங்க பட்டைல ஆறாவதா இருக்கற சாக்ஸனி நாட்டு ஆல்பெர்ட் ஆர்டர் இருக்கறவன்னு ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டே வாங்க. ஒரு வருஷத்துப் புக்குல மட்டும் பாக்காதீங்க, மூணு நாலு வருஷம் தள்ளித் தள்ளிப் பாருங்க, எந்த வருஷத்துல அவன் வரிசை உங்க பட்டையோட அப்படியே ஒத்துப்போகுதோ அந்த வருஷ வாக்குலதான் அது தைச்சது.

நான் 1908 புக்குல பாதி வரைக்கும் வந்துட்டேன், ரெண்டு பேரு தாள்ல மிச்சம் இருக்கான். ரெண்டு பேருக்கும் ஏழு வரைக்கும் ஒண்ணுதான், எட்டாவதுதான் வேற. ஆனா நீங்க அனுப்புன போட்டோல கடைசி மெடல் மேல உங்க கட்டைவிரல் இருக்கு சார். விரலை எடுத்துட்டு, வெயில்ல வச்சு, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு எடுத்து அனுப்புங்க.